மேலே நாலு பேர், வெளியே முப்பது பேர்

அந்தச் செய்தியை வெளியே விட்டவள் நான்தான். ஊரில் ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. என் வாய் அப்படி. நாற்பது வருஷம் அடுப்பு முன்னால் நின்றவளுக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. வெந்ததும் வெளியே எடுத்துவிடத்தான் தெரியும்.

எங்கள் ஊர் நுவேவா எல்வேசியாவில் தெல்மா பேக்கரி என்றால் எல்லாருக்கும் தெரியும். என் கடைக்கு மேல் மாடியில் முன்பு ஒரு பல் வைத்தியர் இருந்தார். அவர் தலைநகர் மொந்தெவிதேயோவுக்குப் போனபிறகு தேரோக்காரர்கள் வாடகைக்கு வந்தார்கள். தேரோ என்பது எங்கள் வயல்வெளியில் கத்தித் திரியும் ஆள்காட்டிக் குருவி. அதன் பெயரை ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு வைத்திருந்தார்கள். பால் லாரிக்காரன் விடிகாலையில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கிறானே, எந்தப் பண்ணையில் எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி, மாதிரிக்கு எடுத்த புட்டியின் எண் என்ன, எல்லாவற்றையும் போனில் போட்டால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதுதான் தேரோ.

அதில் விசேஷம், அது எந்த முதலாளிக்கும் சொந்தமில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், தன் ஊருக்கு எடுத்துக்கொண்டு போகலாம். பராகுவாயிலும் தெற்கு பிரேசிலிலும் எக்வதோர் மலைமேலும் அதை வைத்துப் பால் எடுக்கிறார்கள். எங்கள் மாடியில் நாலு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு அதை எழுதினார்கள். காசு வாங்காமல் ஆசைக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள் ஆறு நாட்டில் முப்பது பேர். எல்லாருக்கும் பொதுவாக ஒரு மடல் குழு. ஒருவர் எழுதினால் எல்லார் பெட்டியிலும் விழும். குழுவில் இல்லாதவர்களும் படிக்கலாம்.

அந்த நாலு பேரில் ஒருத்தி ஃபபியானா. அந்த முப்பது பேரில் ஒருத்தன் வில்மார். இருவரும் புருஷன் பெண்டாட்டி. என் கடையின் பின்சுவருக்கு அந்தப்பக்கம் அவர்கள் சமையலறை.

வில்மார் பத்தொன்பது வருஷமாகப் பால் லாரி ஓட்டுகிறான். மூன்றரைக்கு எழுந்து, பள்ளத்துப் பண்ணைகளையும் சேர்த்து இருபத்திரண்டு பண்ணை. ஒவ்வொன்றிலும் இறங்கி, குளிர்தொட்டியில் பாலைக் கலக்கிவிட்டு, அளவுக் கோலை விட்டுப் பார்த்து, சூடு பார்த்து, ஒரு சொட்டுச் சாராயம் விட்டுத் திரிகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் குழாயைப் போடுவான். ஆற்றுப் பள்ளத்தில் இருக்கும் பதினோரு பண்ணையில் போனுக்குச் சிக்னல் கிடையாது. அங்கே எடுத்த கணக்கை முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வருவான். மழை நாளில் பாதிப் பால் கையிலேயே கரைந்துவிடும். அந்த எரிச்சலில்தான் தேரோவைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தான். ஒரு வார்த்தை கம்ப்யூட்டர் பாஷை தெரியாமல் ஆரம்பித்தவன். மூன்று வருஷத்தில் மேலே இருக்கிற படித்த பிள்ளைகளே அவனிடம் சந்தேகம் கேட்டார்கள்.

ஃபபியானா அதே வேலைக்குப் படித்தவள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாடியில் அவளுக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் மாசமே புருஷன் எழுதி அனுப்பிய ஒரு புரோகிராம் துண்டைப் பார்த்து, முப்பது பேர் படிக்கிற குழுவில், இப்படி எழுதினால் யாருக்கும் விளங்காது, திரும்ப எழுதவும் என்று போட்டுவிட்டாள். நாலு நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் சமாதானமாகி இருவரும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார்கள். வீட்டுக்குள் தேரோ பேச்சு கிடையாது, தேரோவைப் பற்றி என்ன இருந்தாலும் குழுவில் மட்டும்.

சண்டைக்குப் பயந்து போட்டதுதான். ஆனால் ஃபபியானா அதில் ஒரு நியாயமும் பார்த்தாள். சம்பளக்காரி வீட்டுக்காரன் என்பதால் மற்றவர்களுக்குத் தெரியாதது வில்மாருக்கு மட்டும் முன்கூட்டியே தெரியக் கூடாது என்பாள். அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம். கடையில் வரிசையில் நிற்கும்போது கூட, பக்கத்து வீட்டுக்காரி என்று நான் முன்னால் கூப்பிட்டால் வர மாட்டாள்.

இப்போது மாடிக்கு வருகிறேன். அங்கே ஒரு வழக்கம். நாலு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தர் வெந்நீர்ப் பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊற்ற, மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர்க் குடுவை கை கையாகச் சுற்றி வரும். நடுவில் என் கடைப் பலகாரம், பிஸ்கோச்சோத் தட்டு. குடுவை யார் கையில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் தீராத விஷயமெல்லாம் அந்த அரை மணியில் தீர்ந்துவிடும். தட்டை வைத்துவிட்டு இறங்க வேண்டியவள்தான் நான். ஆனால் மாடிப்படி ஏறிய முட்டிக்கு அந்த ஜன்னலோர நாற்காலி இதமாக இருக்கும். உட்கார்ந்துவிடுவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஜூன் மாசத்தில் ஒரு நாள், தலைவன் ஏபெர் கையில் குடுவை வந்தது. ஏபெர் நல்ல பையன்தான். ஆனால் பணம் கொடுக்கிற சங்கத்திலிருந்து அவனுக்குத் தினமும் போன், செப்டம்பரில் புதுப் பதிப்பு வந்தே ஆக வேண்டும் என்று. அவன் சொன்னது இதுதான். அடுத்த வருஷம் பள்ளத்துக்கு டவர் வரப்போகிறது, சிக்னல் இல்லாத இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் பகுதி இனித் தேவையில்லை, அதை விட்டுவிட்டால் ஒரு மாச வேலை மிச்சம். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஃபபியானா மட்டும் கூடாது என்றாள். அதில் எட்டு மாசமாக ஒருத்தன் வேலை செய்கிறான், எக்வதோரில் நம் குழுவிலிருக்கிற சொய்லா அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், டவர் வருகிற ஊர் எத்தனை, வராத ஊர் எத்தனை என்று கேட்டாள். மூன்றுக்கு ஒன்று. தோற்றுவிட்டாள்.

“சரி, முடிவு உங்களுது. ஆனா இன்னைக்கே குழுவுல எழுதிடணும்” என்றாள்.

“எழுதிடறேன்” என்றான் ஏபெர்.

கையில் மாத்தே இருக்கும்போது எவன் எழுதுவான்? குடுவை அடுத்த ஆளுக்குப் போனது, பேச்சு பெஞ்யரோல் கால்பந்து ஆட்டத்துக்குப் போனது. மறுநாள் ஏபெர், மற்ற இருவரில் யாரோ எழுதியிருப்பார்கள் என்று நினைத்தான். அவர்கள் ஏபெர் எழுதியிருப்பான் என்று நினைத்தார்கள். ஃபபியானா, சொன்னால் செய்வான் என்று நம்பிவிட்டாள். தினம் அறுபது மடல் வருகிற குழுவில் வராத ஒன்றை யார் தேடுவார்கள்? மேலே நாலு பேருக்கும் அது பழைய சேதியாகிவிட்டது. வெளியே முப்பது பேருக்கும் அது நடக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து வில்மார் கடைக்கு வந்தான். சாணியும் பாலும் மணக்கிற பூட்ஸோடு, வாயெல்லாம் பல்லாக.

“தெல்மாக்கா, ஞாயித்துக்கெழமைக்குப் பெரிய கேக் ஒண்ணு. மேல கிரீமு தாராளமா இருக்கட்டும்.”

“என்னடா விசேஷம், லாரி குட்டி போட்டுச்சா?”

“முடிச்சுட்டேங்க்கா. எட்டு மாசம். பள்ளத்துல இருந்தாலும் எழுதி வச்சுக்கும், மேட்டுக்கு வந்ததும் தானாப் போய்ச் சேந்துக்கும். சொய்லா அங்க மலையில ரெண்டு மாசமா ஓட்டிப் பாத்துட்டா, ஒரு லிட்டரு தப்பலையாம். சனிக்கெழமை குழுவுல போடுறேன்.”

அவன் முகத்தைப் பார்த்தால் அன்றைக்குப் பூரா பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் என்ன செய்தேன்?

“அதைத்தான் வேணாம்னு விட்டுட்டாங்களேப்பா” என்றேன்.

வார்த்தை வெளியே போய் அவன் மேல் விழுவதை நான் கண்ணால் பார்த்தேன். எப்போ என்று கேட்டான். எனக்குத் தேதி தெரியாது, அடுப்பு தெரியும். சீமை மாதுளைப் பாகு வைத்த பிஸ்கோச்சோ போட்ட வியாழக்கிழமை, மூன்று வாரம் ஆகிறது என்றேன்.

“ஃபபியானா இருந்தாளா அங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. இருந்தாள் என்றேன். அவள் எதிர்த்துப் பேசினாள் என்பதைச் சொல்லுமுன் ஆள் படி இறங்கிவிட்டான். வாங்க வந்த ரொட்டி மேசைமேலேயே கிடந்தது.

அன்று சாயங்காலம் பின்சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பாத்திரம் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை. வில்மாரும் ஒரு பிடிவாதக்காரன்தானே. வீட்டுக்குள் தேரோ பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட்டவன் வாயைத் திறப்பானா? சமையலறையில் உட்கார்ந்து குழுவுக்கு எழுதினான்.

அதற்கப்புறம் நான் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மாவு பிசைந்த கையைத் துடைத்துத் துடைத்துப் போனில் அதையே படித்தேன்.

“சம்பளம் பெறும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. சிக்னல் இல்லாத இடங்களுக்கான பகுதி கைவிடப்பட்டதாகப் பக்கத்து ரொட்டிக் கடையில் தெரிந்துகொண்டேன். எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் யார் இருந்து முடிவு செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன். வில்மார்.”

படுக்கையறையிலிருந்து இருபது நிமிஷத்தில் பதில் வந்தது.

“மதிப்பிற்குரிய வில்மார் அவர்களுக்கு. ஜூன் பதினான்காம் தேதி, மாலை நான்கு மணி, எங்கள் அலுவலகத்தில். நானும் இருந்தேன். எதிர்த்துப் பேசினேன், பலிக்கவில்லை. குழுவுக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று நான் சரிபார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. அது என் தவறு. ஃபபியானா.”

இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவைத் திறக்காமல் ஒன்பது நாள், ஆறு நாடு பார்க்க, இருவரும் அவர்களுக்கு இவர்களுக்கு என்று மரியாதையாக மடல் போட்டுக்கொண்டார்கள். குழு கொதித்தது. பராகுவாய்க்காரன் ஒருவன், தானும் போன வருஷம் நாலு மாசம் எழுதியது இப்படித்தான் காணாமல் போனது என்றான். பிரேசிலிலிருந்து ஒருத்தர், உங்கள் நாலு மணி வட்டத்துக்கு நாங்கள் எந்தப் பஸ்ஸில் ஏறி வருவது என்று கேட்டார். சொய்லா மட்டும் வேறு கவலைப்பட்டாள். அவள் எக்வதோர் மலையில் ஒரு சீஸ் சங்கத்துக்குக் கணக்குப் பார்ப்பவள், நாலு மாடு சொந்தம். உங்கள் வீட்டில் இப்போது யார் சமைக்கிறீர்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாள். கேள்வி தேரோவைப் பற்றியது அல்ல, இருந்தாலும் சொல்கிறேன், அவர்தான் என்று ஃபபியானா பதில் போட்டாள்.

சமைத்தானே தவிர, சாப்பிட்டார்களா என்று தெரியாது. அந்த வாரம் விடாமல் மழை. எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் எந்த வீட்டிலும் தோர்த்தா ஃப்ரித்தா பொரிப்பார்கள். மாவைத் தட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு, மாட்டுக் கொழுப்பில் போட்டு எடுத்தால் தெருவெல்லாம் மணக்கும். ஃபபியானா அதில் கெட்டிக்காரி. ஐந்து நாள் மழையிலும் அந்த வீட்டில் சட்டி காயவில்லை. வாசலில் வில்மார் தனியாகக் குடுவையும் பிளாஸ்குமாக உட்கார்ந்து, தானே ஊற்றித் தானே உறிஞ்சிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி உள்ளே இருக்கும்போது தனியாக மாத்தே குடிக்கிறவனைப் பார்த்தால் யாருக்கு மனசு தாங்கும்? இதற்கெல்லாம் காரணம் இந்த நாக்கு என்று நினைத்து எனக்கு ராத்திரியில் அழுகையே வந்தது.

மேலே ஏபெர் சும்மா இல்லை. ஒரு நாள் தட்டோடு போனபோது ஃபபியானாவிடம் குரலை அடக்கிப் பேசிக்கொண்டிருந்தான்.

“சாப்பிடுறப்ப அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஊரைக் கூட்டி நம்ம மானத்தை வாங்கணுமா ஃபபி? சங்கத்துல இருந்து கேக்குறாங்க.”

“வில்மாருக்குச் சாப்பாட்டு மேசையில சொல்லிடலாம். சரி. சொய்லாவுக்கு எந்த மேசையில போய்ச் சொல்றது?” என்றாள் ஃபபியானா.

சுற்று வந்தபோது அவள் குடுவையை வாங்காமல் எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். கடையில் ஆளில்லை. போனில் ஒரு மடல் விழுந்தது. வில்மார் எழுதியிருந்தான். எட்டு மாச வேலை போனதில் வருத்தம் உண்டு, ஆனால் அதைவிட, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்பதுதான் தாங்கவில்லை, இத்துடன் விலகிக்கொள்கிறேன் என்று. படித்துக் கண்ணைத் துடைப்பதற்குள் இன்னொன்று விழுந்தது. ஃபபியானா. குழுவுக்குச் சொல்லாமல் முடிவு செய்கிற இடத்தில் சம்பளம் வாங்க என்னால் முடியவில்லை, மாசக் கடைசியோடு வேலையை விடுகிறேன் என்று. ரெண்டுக்கும் நடுவில் ஒரு நிமிஷம்தான். ஒருத்தர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது.

பின்சுவருக்கு ஓடினேன். அந்தப்பக்கம் நாற்காலி இழுபட்டது, கதவு திறந்தது.

“நீ எதுக்கு வேலையை விடுற?” வில்மார் குரல். ஒன்பது நாளில் முதல் தடவை.

“நீ எதுக்குப் போற?”

“எனக்கு லாரி இருக்கு. உனக்கு என்ன இருக்கு?”

“அதை அப்புறம் பாத்துக்கலாம். நீ போனா அந்தப் பகுதியை யாரு எழுதுவா? அது வேணும்னு நான் சண்டை போட்டேன், தெரியுமா? உனக்காக இல்ல. நல்லா இருக்கு. அதனால.”

“படிச்சியா நீ?”

“ஒரு வரி விடாம. எட்டு மாசமும். நீ லாரிக்குப் போனதுக்கப்புறம்.”

மறுபடி நாற்காலி இழுபட்டது, உட்கார்ந்திருப்பான்.

“நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே ஃபபி.”

“பெண்டாட்டி புகழ்றான்னு மத்தவங்க நினைப்பாங்கன்னு சொல்லல. முட்டாள்தனம். எழுதியிருக்கணும்.”

அதற்கப்புறம் ரெண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் மானம் உண்டு. அரை மணி கழித்துச் சுவரைத் தாண்டிப் பொரிக்கிற வாசம் வந்தது. மழைகூட இல்லை அன்றைக்கு.

வீட்டுச் சண்டை தீர்ந்தது, வேலைச் சண்டை அப்படியே கிடந்தது. போட்ட ரெண்டு மடலையும் திரும்ப வாங்க மாட்டோம் என்று இருவரும் ஒன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு பால் லாரிச் சம்பளத்தில் வீட்டுக் கடனை எப்படிக் கட்டப் போகிறார்கள் என்று எனக்குக் கவலை. திங்கட்கிழமை நாலு மணிக்கு நான் தட்டைக் கொண்டுபோகவில்லை. நாலேகாலுக்கு ஏபெர் இறங்கி வந்தான். ரெண்டு நாள் தூங்காத முகம்.

“தெல்மாக்கா, பிஸ்கோச்சோ?”

“இருக்கு. தர மாட்டேன்.”

“நீங்களுமா?”

“நானுந்தான். நீங்க அதைத் தின்னுக்கிட்டுத்தானே ஒருத்தனோட எட்டு மாசத்தைத் தூக்கிப் போட்டீங்க. என் தட்டுக்கும் அதுல பங்கு இருக்கு.”

அவன் மாவுத் தூசி படிந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். தனக்குக் கெடு இருக்கிறது, வெளியே எழுதுகிறவர்களுக்கு இல்லை, தன்னை மேலே கேட்பார்கள், அவர்களை யாரும் கேட்க மாட்டார்கள், முப்பது பேருக்கும் ஒவ்வொன்றாக எழுதிக் காத்திருந்தால் செப்டம்பர் எப்போது வருவது, முகம் பார்த்து நாலு வார்த்தை பேசினால் ஐந்து நிமிஷத்தில் முடிகிறது என்று புலம்பினான். பொய்யில்லை. அவன் பக்கமும் ஒரு பாரம் இருந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் விடவில்லை.

“அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுதா? இப்ப எத்தனை நாளா இழுக்குது? ஏம்ப்பா, அவன் மூணரை மணிக்கு எந்திரிச்சு இருபத்திரண்டு பண்ணை பாத்துட்டு வந்து, தூங்குற நேரத்துல உக்காந்து உனக்கு எழுதுறான். சும்மா. அவனுக்கு நீ சம்பளமா தர்ற? ஒரு சேதியைத்தானே தரணும்? அதுவும் தர மாட்டேன்னா எப்படி?”

சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு எழுந்தான். பிறகு, எழுதிவிட்டு வந்தால் தருவீர்களா என்றான். எழுதினதைக் காட்டினால் தருவேன் என்றேன். மேலே போனவன் ஆறு மணிக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். பிஸ்கோச்சோ ஆறிப்போய் விறைத்திருந்தது.

நல்லாத்தான் எழுதியிருந்தான். கேட்காமல் முடிவு செய்தது தான் என்றும், எழுதுகிறேன் என்று சொல்லி எழுதாததும் தான் என்றும், ஃபபியானா மீது ஒரு தவறும் இல்லை என்றும் ஒப்புக்கொண்டிருந்தான். சிக்னல் இல்லாத பகுதி வேண்டுமா வேண்டாமா என்று இப்போது எல்லாரிடமும் கேட்கிறேன், பத்து நாள் காத்திருப்பேன் என்று முடித்திருந்தான். கடைசியில் ஒரு வரி: நான் இதுவரை ஒரு பால் பண்ணைக்கும் போனதில்லை.

நாற்பத்தொரு பதில், சிலர் ரெண்டு தடவை எழுதினார்கள். பராகுவாய்க்காரன் தன் ஊருக்கு டவர் வந்து ரெண்டு வருஷமாகிறது, இன்னும் கரண்டு வரவில்லை என்றான். பிரேசிலிலிருந்து ரியோ கிராந்தேக்காரர், மழை பெய்தால் எங்கள் டவர் படுத்துக்கொள்ளும் என்றார். சொய்லா, நீங்கள் எடுத்துவிட்டாலும் நான் எடுக்கப்போவதில்லை, பால் சுமக்கிற என் கழுதைகளுக்கே அது பழகிவிட்டது என்றாள். வேண்டாம் என்று சொன்னவர்கள் ரெண்டே பேர், அதில் ஒருத்தர் கேள்வியைத் தப்பாகப் படித்தவர்.

பத்தாம் நாள் ஏபெர் தன் முடிவைத் திரும்பப் பெற்றான். இனி வட்டத்தில் என்ன பேசினாலும் அதைக் குழுவில் போட்டு, பதில் வந்த பிறகுதான் அது முடிவு என்றான். எழுத ஒரு ஆள் குடுவை இல்லாமல் உட்கார வேண்டும், முதல் மாசம் தானே உட்காருவதாகவும் சொன்னான். ஃபபியானா வேலையில் இருக்கச் சம்மதித்தாள். வில்மார் மட்டும், என் வேலையைச் சரியான ஒருத்தர் பார்த்துச் சேர்த்த பிறகு சொல்கிறேன் என்றுவிட்டான்.

அங்கே ஒரு சிக்கல். எதையும் தேரோவுக்குள் சேர்க்கிற உரிமை மாடியில் இருக்கிற நாலு பேருக்கு மட்டும்தான். ஃபபியானா புருஷன் வேலையைத் தான் தொட மாட்டேன் என்றாள். மற்ற மூன்று பேரும் அதை வேண்டாம் என்று முன்பு சொன்னவர்கள், அவர்களுக்கே கூச்சம். அதை முழுசாக ஓட்டிப் பார்த்த ஆள் ஒருத்திதான். சொய்லாவுக்கு அந்த உரிமையைக் கொடுக்கலாமா என்று ஏபெர் குழுவில் கேட்டான். ஆறு நாடும் சரி என்றது. சம்பளம் வாங்காத ஒருத்தி கைக்கு அந்தச் சாவி போனது அதுதான் முதல் தடவை.

சொய்லா லேசான ஆளில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி படிக்கிறேன் என்றாள். ஒரு வாரம் கழித்து, ஒரு இடத்தில் சந்தேகம் இருக்கிறது என்று எழுதினாள். சிக்னல் இல்லாத ஒரே பண்ணையில் ரெண்டு பேர் ரெண்டு போனில் எழுதினால் ஒன்று மற்றதை விழுங்கிவிடுமோ என்று. வெள்ளிக்கிழமை மத்தியானக் கறவையில் தானும் தங்கச்சியும் ஆளுக்கொரு போனோடு போய்ப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் சேர்ப்பதாகவும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவதாகவும் சொன்னாள். அங்கே மூன்று மணி என்றால் இங்கே ஐந்து.

வெள்ளிக்கிழமை வில்மார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாடிக்கு வந்தான். இத்தனை வருஷத்தில் அந்தப் படியை அவன் ஏறியதில்லை. வட்டத்தில் இடம் கொடுத்தார்கள், ஃபபியானா பக்கத்தில். ஏபெர் ஓரமாகக் கணினியோடு உட்கார்ந்து நடப்பதையெல்லாம் எழுதினான். நான் என் நாற்காலியில். குடுவை சுற்றியது, பேச்சுதான் வரவில்லை. வில்மார் தன் முறை வரும்போதெல்லாம் உறிஞ்சாமல் பிடித்துக்கொண்டே இருந்தான். ஆறிவிடும் என்று ஃபபியானா இடித்தாள்.

ஐந்து மணி ஆனது. ஐந்து பத்து. சம்பளம் வாங்குகிற நாலு பேரும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு, எங்கோ மலைமேல் ஒருத்தி மாடு கறந்து முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். ஒருத்தன், மாடு கறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான். அது மாட்டைப் பொறுத்தது என்றான் வில்மார். எட்டு மாசம் சரியாக எழுதினேன் என்று நினைத்த ஒன்றில் ஒரு ஓட்டை இருந்தால் அவன் இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்க மாட்டான், எனக்குத் தெரியும்.

ஐந்தேகாலுக்கு வந்தது. ஃபபியானாதான் வாசித்தாள்.

“கறந்து முடித்துவிட்டுக் கை கழுவி வந்து எழுதுகிறேன். நானும் தங்கச்சியும் வேண்டுமென்றே வேறு வேறு அளவு போட்டோம். மேட்டுக்கு வந்ததும் போன் ரெண்டையும் காட்டி, எது சரி என்று கேட்டது. ஒன்றையும் விழுங்கவில்லை. என் சந்தேகம் தவறு. சேர்த்துவிட்டேன். சொய்லா.”

வில்மார் குடுவையைத் தரையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஆறடி ஆள், தோள் குலுங்கக் குலுங்க. ஃபபியானா அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டு, போதும்ப்பா போதும் என்று சொல்லிச் சொல்லித் தானும் அழுதாள். நானும்தான், எனக்கென்ன.

ஓரத்தில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. வில்மார் நிமிர்ந்து பார்த்தான்.

“ஏபெர், என்ன எழுதுற?”

“நடந்ததைத்தான். ஐந்தேகால், சேர்க்கப்பட்டது. வில்மார் அழுதார்.”

“டேய், அதை எதுக்குடா போடுற? எடுடா அதை.”

“போயிருச்சுண்ணே” என்றான் ஏபெர், பயந்த முகத்தோடு.

வில்மார் எழுந்து அவனை அடிக்கப் போனானா கட்டிக்கொள்ளப் போனானா தெரியாது. அதற்குள் திரையில் பதில் விழுந்துவிட்டது. எல்லாரும் குனிந்து பார்த்தோம். சொய்லா ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள்.

“நானும்தான்.”